இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை: ஒரு நேயரின் மதிப்பீடு

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஏக்கத்தில் தொடங்கி ஏக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு; மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊரில் வளர்ந்தவனுக்கு அது இல்லாமல் போகாது. ஆயினும் ஒரு சேவையை மதிப்பிடுவதென்றால், அது நேயருக்கு என்ன கொடுத்தது, எந்தத் தரத்தில் கொடுத்தது, எதைக் கொடுக்கத் தவறியது என்று கேட்டாக வேண்டும். அக்கால நேயர்கள் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்து இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கும் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டு, அச்சேவையின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தே இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளம்பரப் பணத்தில் வாழ்ந்த ஒரு வானொலி, அந்தப் பணத்துக்காகத் தன் மொழியையும் நேயருக்குரிய மரியாதையையும் விட்டுக்கொடுக்காமல் நடந்த காலம் ஒன்று இருந்தது; தமிழ் ஒலிபரப்பில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் இன்றுவரை கேட்கவில்லை.

இந்தச் சேவை எப்படி உருவாயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் குணம் புரியும். தந்தித் துறையில் பொறியாளராக இருந்த எட்வர்டு ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக் கொண்டு கொழும்பில் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு மாறியது; ஆசியா முழுவதும் சிதறிக் கிடந்த நேச நாட்டுப் படையினருக்காக ‘ரேடியோ சியாக்’ என்ற இராணுவ வானொலி கொழும்பிலிருந்து இயங்கியது. அதற்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்த சில ஆண்டுகளில் இலங்கை அரசின் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு சிறிய தீவுக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த கருவி அது. அதைத் தன் நாட்டுக்குள் மட்டும் பயன்படுத்தினால் மின்கட்டணத்துக்கே கட்டுப்படியாகாது. கடல் தாண்டிக் கேட்பவர்களைத் தேடி, அவர்களுக்குப் பொருள் விற்க விரும்புவோரிடம் காசு வாங்கினால்தான் அது பயன்படும். 1950-இல் வர்த்தக சேவை தொடங்கப்பட்டதையும், ஆசிய நாடுகளுக்கான உதவித் திட்டமாகிய கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதன் இயக்குநரானதையும், லிவி விஜேமான அவருக்குத் துணை நின்றதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இந்தியா தன் பங்குக்கு அந்த வானொலிக்குப் பெரிய உதவியைச் செய்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசைக்கு முதலிடம் தர வேண்டும் என்ற கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். மக்கள் பாட்டை விட்டுவிடவில்லை; வானொலிப் பெட்டியின் முள்ளைத்தான் திருப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இந்திச் சேவையில் தொடங்கியது. நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிவு செய்து, ஒலிநாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள். தன் நாட்டுப் பாட்டைக் கேட்கவே இந்திய நேயர் அயல்நாட்டு நிலையத்தை நாட வேண்டியிருந்தது. தமிழ்ச் சேவைக்கும் இதே வாசல் திறந்தது. அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி 1957 அக்டோபரில் வந்த போதிலும், இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் கொழும்பின் குரல் குடியேறிவிட்டது.

கேட்கும் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புநீர் நல்ல மின்கடத்தி ஆகையால் மத்திய அலை கடலின் மேல் அதிகம் தேயாமல் பயணம் செய்யும். எனவே இராமேசுவரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில், உள்நாட்டு நிலையம் ஒன்றைக் கேட்பதைப் போன்ற தெளிவோடு கொழும்பைக் கேட்க முடிந்தது. உள்மாவட்டங்களில் இருந்தவர்களோ சிற்றலையை நம்பியிருந்தார்கள். அதில் ஒலி ஏறி இறங்கும், பக்கத்து நிலையத்தின் இரைச்சல் இடையில் புகும், பாட்டின் சரணம் வரும்போது குரல் மறைந்து பல்லவியில் திரும்பி வரும். இவ்வளவு இடையூறுக்கும் இணங்கி ஒருவர் தினமும் அதைக் கேட்டார் என்றால், கேட்ட பொருளில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

இருந்தது அறிவிப்பாளர். பாடல் எல்லா நிலையங்களிலும் ஒரே இசைத்தட்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் வரும் அரை நிமிடம்தான் நிலையத்துக்கு நிலையம் மாறுகிறது. எஸ். பி. மயில்வாகனம் தொடக்க காலத்திலேயே அந்த அரை நிமிடத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். மேடைத் தமிழின் விறைப்பும் தெருப் பேச்சின் தளர்ச்சியும் இல்லாத, எதிரில் இருப்பவரிடம் பேசுவதைப் போன்ற, ஆனால் ஒரு சொல்லும் சிதையாத நடை அது. அரசு வானொலியின் அறிக்கை வாசிக்கும் தொனிக்குப் பழகியிருந்த தமிழ்நாட்டு நேயருக்கு அது புதிய அனுபவமாக இருந்திருக்கும். அவருக்குப் பின் வந்தவர்கள் அவரைப் போல் பேசவில்லை என்பதைத்தான் இச்சேவையின் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். எஸ். கே. பரராஜசிங்கம் பாடகராகவும் இருந்தமையால், பாட்டைப் பற்றி உள்ளிருந்து பேசுகிறவரின் நிதானம் அவரிடம் இருந்தது. ராஜேஸ்வரி சண்முகம் நாடகக் கலைஞர். அவர் வாக்கியத்தில் நிறுத்தமும் ஏற்றமும் நடிப்பைப் போலவே திட்டமிட்டு அமைந்திருக்கும். பி. எச். அப்துல் ஹமீது சிறுவர் நிகழ்ச்சியின் வழியாக வானொலிக்குள் வந்து, வாலிபத்தில் அறிவிப்பாளராகி, லகர ளகர ழகர வேறுபாட்டை எளிய நேயரும் காதால் உணரும்படி ஒலித்துக் காட்டினார். கே. எஸ். ராஜாவோ மூச்சு விடாத வேகம். ஆனால் அந்த வேகத்திலும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே கேட்கும். இந்த ஐவரையும் ஒருவரோடு ஒருவர் குழப்பிக்கொள்ள எந்த நேயராலும் முடியாது. இன்று பல தனியார் பண்பலைகளில் நிகழ்ச்சி நடத்துபவர்களைக் குரலை வைத்து அடையாளம் காண்பது கடினம். எல்லோரும் ஒரே உற்சாகத்தில், ஒரே ஏற்ற இறக்கத்தில் பேசுகிறார்கள்.

அவர்கள் பாடல் விவரம் சொன்ன முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று யாரையும் விடாமல் சொல்லுவார்கள். கவிஞரின் பெயரைக் கேட்டே பாடலாசிரியர்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. பாடலை நடுவில் வெட்டிப் பேசும் வழக்கம் அங்கு இல்லை. பல்லவி தொடங்கும் நொடிக்குச் சரியாகத் தங்கள் வாக்கியத்தை முடிக்கும் நேர்த்தியைப் பழைய பதிவுகளில் இன்றும் கேட்கலாம். முன்னிசையின் நீளம் தெரிந்த ஒருவருக்கே அது கைகூடும்.

நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. அதன் முகப்பிசை கேட்டுத்தான் பல வீடுகளில் பள்ளிக்குக் கிளம்பும் பரபரப்பு தொடங்கியது. ‘நீங்கள் கேட்டவை’ அஞ்சலட்டையால் நடந்த நிகழ்ச்சி. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் குழந்தையின் பெயருக்குப் பின் அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பப்பா, மாமா, மாமி, அக்கா, அண்ணா என்று ஒரு குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். அதை அலுப்பூட்டும் பெயர்ப்பட்டியல் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்து உறவுமுறைச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் தமிழ்நாட்டுக் காதுகளில் பதிந்தது அந்தப் பட்டியல்களால்தான். சாவகச்சேரியும் பண்டத்தரிப்பும் கல்முனையும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமலேயே அப்பெயர்கள் எங்களுக்கு மனப்பாடம் ஆயின.

‘இசையும் கதையும்’ இன்னும் உயர்ந்த இடத்துக்கு உரியது. நேயர்கள் எழுதி அனுப்பும் சிறிய கதையைப் பாடல்களோடு கோத்து, அறிவிப்பாளர் குரல் கொடுத்து வாசிப்பார். கதைகள் பெரும்பாலும் காதல் தோல்வியிலும் பிரிவிலும்தான் சுழன்றன; இலக்கியத் தரம் என்று பார்த்தால் பலவற்றைச் சாதாரணமானவை என்றே சொல்ல வேண்டும். ஆனால் கேட்பவரையே எழுதுபவராக்கி, அவருடைய எழுத்தைத் தேர்ந்த குரல் ஒன்றின் மூலம் கடல் கடந்து ஒலிக்கச் செய்தது சின்ன விஷயமா? எழுதிய பெண்ணோ பையனோ தம் பெயரை அன்று வானொலியில் கேட்ட மகிழ்ச்சியை வேறு எந்தப் பரிசும் கொடுத்திருக்காது.

‘பாட்டுக்குப் பாட்டு’ அப்துல் ஹமீதின் கொடை. கொடுக்கப்பட்ட எழுத்தில் தொடங்கும் பாடலைப் பிசகாமல் பாட வேண்டும் என்ற எளிய விதியை வைத்துக்கொண்டு, அவையோரையும் போட்டியாளரையும் ஒருசேரப் பிடித்து நிறுத்தினார். சொல் தவறினால் மணி அடித்துவிடும். திருத்தம் சொல்லும்போது ஒருவரையும் அவர் கூச வைத்ததில்லை. பின்னர் 1990களில் சென்னைத் தொலைக்காட்சிக்கு அந்நிகழ்ச்சி வந்தபோது தமிழ்நாடே பார்த்தது. ஆனால் அதன் அடித்தளம் வானொலியில்தான் இடப்பட்டது. முகம் தெரியாத இடத்தில் குரலாலேயே ஒரு போட்டியின் பதற்றத்தை உண்டாக்கப் பழகியவருக்கு, முகம் தெரியும் இடத்தில் அது எளிதாயிற்று.

விளம்பரம் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது வர்த்தக சேவை. கே. எஸ். ராஜாவின் ‘திரைவிருந்து’ அடிப்படையில் புதுப்படத்துக்கான விளம்பரம்தான். படத்தின் வசனத் துண்டுகளையும் பாடல் துண்டுகளையும் வைத்து மக்களைத் திரையரங்குக்கு வரச் செய்வதே அதன் வேலை. அவர் என்ன செய்தார் என்றால், தாமே கேள்வி கேட்டு, அதற்குப் படத்திலிருந்து வெட்டிய வசனம் பதில் சொல்லும்படி கோத்தார். கதாநாயகனும் வில்லனும் அறிவிப்பாளரோடு நேரில் உரையாடுவதைப் போன்ற மயக்கம் உண்டாகும். படம் பார்க்கக் கையில் காசில்லாதவர்களும் அந்நிகழ்ச்சியைத் தவறவிடாமல் கேட்டார்கள். விளம்பரத்தையே தனிச் சுவையுள்ள பொருளாக ஆக்கியவர் அவர். வங்கியின் சேமிப்புக் கணக்கும் சோப்பும் துணிக்கடையும் அதே அக்கறையோடு அறிவிக்கப்பட்டன. விளம்பரம் வந்ததும் ஒலியளவைக் குறைக்கும் இன்றைய வழக்கம் அப்போது எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

நாடகத் தொடர்களும் விளம்பரதாரர் ஆதரவிலேயே வளர்ந்தன. சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ மக்கள் வங்கியின் ஆதரவில் ஒலிபரப்பாகி, குடும்பங்களை ஒரே நேரத்தில் வானொலியின் முன் உட்கார வைத்தது. எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவைத் தொடரை இன்று கேட்டாலும் சிரிப்பு வருகிறது. ராம்தாஸ் மரிக்காராகவும், டி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீது ஐயராகவும் நடித்தார்கள். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், அந்தணர் தமிழ் ஆகிய நான்கும் ஒரே வீட்டுக் கூடத்தில் மோதிக்கொள்ளும். ஒருவர் பேச்சை மற்றவர் கேலி செய்தாலும், எவரும் அவமதிக்கப்படவில்லை. அந்த நாட்டில் பிறகு நடந்தவற்றை நினைக்கும்போது, நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய அந்தக் கூடத்தின் அருமை இன்னும் கூடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதற்குறை, தென்னிந்தியத் திரைப்பாடலை இச்சேவை அளவுக்கு மீறி நம்பியது. இலங்கைத் தமிழரின் சொந்த இசைக்கு அதில் கிடைத்த இடம் குறைவு. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த பொப் இசையும், பரராஜசிங்கம் போன்றோர் உழைத்த மெல்லிசையும் இருந்தும், அவை விருந்தாளிகளைப் போல வந்து போயின. நாள் முழுவதும் ஒலித்தவை சென்னைக் கலையகங்களின் பாடல்கள். கடல் தாண்டிய நேயரைப் பிடிக்க அது தேவைப்பட்டது என்பது உண்மையே. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்நாட்டுக் கலைஞர்கள். தமிழ்நாட்டு நேயனாக நான் அதனால் நன்மை பெற்றவன். எனவே இதை நானே சொல்வது பொருத்தம்.

இரண்டாவது குறை, நிறுவனம் அரசின் கையில் இருந்தமையால் வந்தது. 1966-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1967 ஜனவரி 5 முதல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியது. 1972-இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயர் வந்தது. பெயர் மாறினாலும் அரசின் பிடி தளரவில்லை. பாடலையும் சிரிப்பையும் தங்கு தடையின்றிக் கொடுத்த அந்த வானொலியால், தன் நேயர்களில் பெரும்பகுதியினரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட நிகழ்வுகளைப் பற்றி அவர்கள் மொழியில் வெளிப்படையாகப் பேச முடியவில்லை. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கொழும்பை விட்டு வெளியேறின; கலைஞர்களும் அறிவிப்பாளர்களும் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். கே. எஸ். ராஜா 1994-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஒரு கலைஞனின் முடிவு அது. அவருடைய பதிவைக் கேட்கும் போதெல்லாம் அந்த வேகமான குரலுக்குப் பின்னால் இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

சேவையின் வீச்சு குறைந்ததற்குப் போர் மட்டும் காரணம் ஆகாது. 1967-இல் விவித பாரதி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியதும், இந்திய விளம்பரதாரருக்கு நாட்டுக்குள்ளேயே வழி திறந்துவிட்டது. சென்னைத் தொலைக்காட்சி 1975-லும் இலங்கையில் ரூபவாஹினி 1982-லும் வந்தன. 1998-இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் பண்பலைகள் கொழும்பிலிருந்து தமிழில் ஒலிக்கத் தொடங்கின. பண்பலையின் தெளிவுக்கு முன்னால் சிற்றலையின் இரைச்சல் நிற்க முடியவில்லை. அந்தத் தனியார் நிலையங்களில் கேட்ட முதல் தலைமுறைக் குரல்களில் கொழும்பு வானொலியின் பயிற்சி தெரிந்தது. பிறகு அதுவும் தேய்ந்தது.

வர்த்தக சேவை இன்று ‘தென்றல்’ என்ற பெயரில் தொடர்கிறது, இணையத்திலும் கேட்கலாம். பழைய பாடல் நிகழ்ச்சிகளில் இன்னும் அந்த நிதானம் இருக்கிறது. பாடலாசிரியர் பெயரைச் சொல்லும் வழக்கமும் முற்றாகப் போய்விடவில்லை. அவசரம் இல்லாத மாலை நேரத்தில் கேட்பதற்கு அதை நான் மனமார்ந்து பரிந்துரைப்பேன். ஆனால் பழைய உயரத்தை எதிர்பார்த்து யாரும் அதைத் திறக்க வேண்டாம். கேட்கும் கூட்டம் சிறுத்து, போட்டி பெருத்துவிட்ட நிலையில், ஐந்து வெவ்வேறு மேதைகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எந்த நிலையத்தாலும் இயலாது.

இதைவிட என்னை வருத்துவது ஆவணத்தின் நிலைதான். கொழும்பு டோரிங்டன் சதுக்கக் கட்டடத்தின் இசைத்தட்டுக் காப்பகம் ஆசியாவின் பெரிய சேமிப்புகளில் ஒன்று என்று அறியப்படுவது. ஆனால் அறிவிப்பாளர்களின் குரல் எங்கே? நமக்கு இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நேயர்கள் வீட்டு ஒலிநாடாவில், பின்னணியில் அடுப்படிச் சத்தத்தோடு பதிந்தவை. அவர்கள் அன்று பதிந்திராவிட்டால், இந்த மதிப்பீட்டுக்கு நினைவைத் தவிர வேறு சான்றே என் கையில் இருந்திருக்காது. கூட்டுத்தாபனத்திடம் எஞ்சியிருக்கும் நாடாக்களை நிகழ்ச்சி, நாள், அறிவிப்பாளர் என்ற விவரங்களோடு எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இதழியல் துறைகளும் இதில் கைகொடுக்கலாம்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ ஓர் அத்தியாயம், அடுத்து கே. எஸ். ராஜாவின் ‘திரைவிருந்து’ ஒன்று; பிறகு ராஜேஸ்வரி சண்முகம் வழங்கிய ஏதேனும் ஒரு பாடல் நிகழ்ச்சியை, பாடல்களைத் தாண்டிவிடாமல் முழுவதும் கேளுங்கள். வீட்டில் பழைய ஒலிநாடாக்கள் வைத்திருப்பவர்கள், அவை பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்வதற்கு முன் கணினிக்கு மாற்றி, தேதி தெரிந்தால் தேதியோடு பதிவேற்றுங்கள். பாடல்களை வெட்டிவிடலாம், அறிவிப்பை மட்டும் வெட்ட வேண்டாம்.